விழுந்தவரிடம் யார் போவது, எப்படிப் போவது?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியவை. கூட ஆராதிக்கிற ஒருவர் தவறிப்போனால் மற்றவர் எப்படி நடந்துகொள்வது? எழுதியவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி பெயர்களை எடுத்துவிட்டோம். சில விவரங்களையும் மாற்றியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தில் சுமார் 20,000 ரூபாய் வங்கியில் ஏறவில்லை. பொருளாளர் எனக்கு அண்ணன் முறை. சபை வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிடவா, ஆயரிடம் சொல்லவா, அல்லது தாழ்மையாக வாயை மூடிக்கொண்டு இருக்கவா?

வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அதற்காக வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம்.

முதலில் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். "பணத்தை எடுத்துவிட்டார்" என்பது உங்களுக்குத் தெரியாது. "ஏல நோட்டில் 64,000 இருக்கிறது, பாஸ்புக்கில் 44,000தான் வரவாகியிருக்கிறது" என்பது போன்ற ஒன்றுதான் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனையோ நடந்திருக்கலாம். ஆட்டுக்கிடாயைப் போட்டி போட்டு ஏலம் எடுத்துவிட்டு, கிறிஸ்மஸ் வரை பணம் தராமல் இழுக்கிறவர்கள் எந்தச் சபையில் இல்லை? பந்தல்காரருக்கு ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வவுச்சர் எழுத மறந்திருக்கலாம். நீங்கள் கமிட்டி உறுப்பினர் என்றால் ஏல நோட்டு, ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை, வவுச்சர், பாஸ்புக் நான்கையும் வரிசையாக ஒப்பிட்டுப் பாருங்கள். உறுப்பினர் இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது ஒரு கேள்வி மட்டுமே. அதைக் குற்றச்சாட்டாக்கிக் கொண்டுபோகாதீர்கள்.

பிறகு தனியாகப் போங்கள். "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று மத்தேயு 18:15 சொல்வதை நாம் ஏட்டளவில் ஒப்புக்கொள்கிறோம். நடைமுறையில் அது முதல் நாளே உடைந்துபோகிறது. கிளம்பும் முன் மனைவியிடம் சொன்னால் மூன்று பேர், மனைவி தன் அக்காவிடம் சொன்னால் நான்கு பேர். நீங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி அவர் வீட்டு வாசலில் நிற்கும். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கைகுலுக்கும் நேரமும் வேண்டாம், அவர் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற நடுவீடும் வேண்டாம். வாரநாளில், கடையிலோ தோட்டத்திலோ அவர் தனியாக இருக்கும்போது பாருங்கள். "அண்ணே, ஏல நோட்டுல இவ்வளவு இருக்கு, பேங்க்ல இவ்வளவுதான் ஏறியிருக்கு. மீதி என்னாச்சுன்னு எனக்குப் புரியல" என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் காரியம் கெடுவது அதற்கு அடுத்த வாக்கியத்தில்தான். "ஊரே பேசுது" என்று சேர்த்துவிட்டால் அவர் பணத்தை விட்டுவிட்டு, பேசியது யார் என்று துருவப் போய்விடுவார்.

அவர் கணக்குக் காட்டினால் விஷயம் முடிந்தது. வருத்தம் சொல்லிவிட்டு வாருங்கள். "எடுத்துத்தான் விட்டேன், மகள் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது" என்று ஒப்புக்கொண்டால் கவனம் தேவை. உங்கள் சொந்தப் பணம் என்றால் "போகட்டும் அண்ணே" என்று விட்டுவிடலாம். சபைப் பணத்தை மன்னித்துவிட உங்களுக்கு அதிகாரம் கிடையாது. எந்தத் தேதிக்குள், எத்தனை தவணையில் என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். பணம் உங்கள் கைக்கு வரக்கூடாது, நேராகச் சபைக் கணக்குக்குப் போக வேண்டும். ஆயரிடம் அவரே சொல்லட்டும். பயமாக இருந்தால் நீங்கள் கூடப் போங்கள். பொருளாளர் பொறுப்பை அவர் விட்டுவிடுவது நல்லது. அவரை மன்னித்துவிட்டோம் என்பதற்காகப் பெட்டிச் சாவியையும் அவரிடமே விட்டுவைத்தால், அவரை மறுபடியும் அதே சோதனைக்குள் தள்ளுகிறோம்.

கோபப்பட்டு விரட்டினால் ஒரு வாரம் ஆறப்போட்டு, இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இதில் நடக்கிற பெரிய தவறு, தன் பக்கத்து ஆட்களைக் கூட்டிப்போவது. கூட வருகிறவர்கள் உங்களுக்குக் கைகொடுக்க வரவில்லை. இரு தரப்பையும் கேட்டு, தேவைப்பட்டால் "தம்பி, நீ சொல்றதுதான் தப்பு" என்று உங்களிடமே சொல்லவும் வருகிறார்கள். அவர் மதிக்கிற ஒரு பெரியவர், கணக்குப் படிக்கத் தெரிந்த ஒருவர் போதும். அதன் பிறகும் அசையாவிட்டால்தான் ஆயரும் கமிட்டியும்.

இன்னொன்று. வருகிற சபைத் தேர்தலில் நீங்கள் நிற்கும் எண்ணம் இருந்தால் இந்த விஷயத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். உங்கள் மனம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது ஓட்டுக்கான வேலையாகவே பார்க்கப்படும், அப்படிப் பார்ப்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கேள்வி: எங்கள் வீட்டு ஜெபக் குழுவில் "இன்ன சகோதரிக்காக ஜெபியுங்கள், அவர்கள் வீட்டில் இப்படி இப்படி" என்று விவரமாகச் சொல்கிறார்கள். இது சரியா?

சம்பந்தப்பட்டவர் சொல்லச் சொன்னாரா என்று கேளுங்கள். சொல்லச் சொல்லவில்லை என்றால் அது ஜெபக்குறிப்பு அல்ல, புறணி. "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக" என்ற அளவோடு நிறுத்தினாலும் ஆண்டவருக்கு விலாசம் தெரியும். குழுவை நடத்துகிறவர் ஆரம்பத்திலேயே ஒரு விதி சொல்லிவிடலாம்: அவரவர் பாரத்தை அவரவரே சொல்ல வேண்டும், வராதவர் பெயர் வரக்கூடாது. முதல் இரண்டு வாரம் கூட்டம் சற்று மந்தமாக இருக்கும். இருக்கட்டும்.

கேள்வி: பாடகர் குழுவில் இருந்த ஒரு பெண் திருமணத்துக்கு முன் கர்ப்பமானாள். சபைக்கு முன் நின்று மன்னிப்புக் கேட்டால்தான் திருவிருந்தும் திருமணமும் என்று மூப்பர்கள் சொல்கிறார்கள். அவள் தாய் எனக்குச் சிநேகிதி, அழுதுகொண்டே இருக்கிறாள். ஒழுங்கு நடவடிக்கை வேதத்தில் இருக்கத்தானே செய்கிறது?

இருக்கிறது. ஆனால் எதற்கு, எந்த அளவுக்கு என்று பாருங்கள். கொரிந்து சபையில் பவுல் வெளிப்படையாகக் கண்டித்தது, எல்லோருக்கும் தெரிந்தும் விடாமல் தொடர்ந்த, சபையே இறுமாந்திருந்த ஒரு காரியத்தை (1 கொரிந்தியர் 5). வருத்தப்பட்டு நிற்கிற ஒருவரை மேடையேற்றுவது அதுவல்ல. தண்டிக்கப்பட்ட ஒருவரைக் குறித்து அடுத்த நிருபத்தில் அவர் எழுதுவதையும் சேர்த்து வாசியுங்கள்: "அநேகரால் உண்டான இந்தத் தண்டனையே போதும்". அடுத்த வசனத்தில், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யச் சொல்கிறார். தண்டனைக்கு ஒரு "போதும்" உண்டு என்பதையே நம் கமிட்டிகள் பல மறந்துவிடுகின்றன.

மூப்பர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அந்த இளைஞன் எங்கே? அவனும் பக்கத்தில் நிற்கப் போகிறானா? கர்ப்பம் வெளியே தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகப் பெண் மட்டும் நிற்கிறாள் என்றால் அங்கே தண்டிக்கப்படுவது அவள் உடம்பு. சென்ற ஐந்து வருடத்தில் வட்டிக்கு விட்டு ஏழையை நெருக்கியதற்காக, மனைவியை அடித்ததற்காக, கணக்கில் கைவைத்ததற்காக எத்தனை ஆண்கள் அப்படி நிறுத்தப்பட்டார்கள்? இதைச் சண்டையாகக் கேட்க வேண்டாம். ஆயர் வீட்டில் உட்கார்ந்து, பழைய கமிட்டித் தீர்மானப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்த உறவு அவள் சம்மதத்தோடு நடந்ததா என்பதையும் அவள் நம்புகிற ஒரு பெண் தனியாகக் கேட்டறிய வேண்டும். எத்தனையோ இடங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. அவளுக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் இது சபை ஒழுங்கு விஷயமே அல்ல. ஓய்வுநாள் பள்ளிச் சிறுமியைப் பற்றிய கடிதத்துக்குக் கீழே எழுதியிருக்கும் பதிலைப் பாருங்கள்.

ஒரு மாற்றுவழி சொல்லலாம். ஆயர், ஆயரம்மா, அவள் பெற்றோர் முன்னிலையில் இருவரும் பாவ அறிக்கை செய்யட்டும். திருமணத்தில் கட்டாயப்படுத்தல் இருக்கக்கூடாது. இருவரும் விரும்பினால் மற்ற எல்லோருக்கும் நடப்பதுபோல ஓலை வாசித்து (ஆராதனையில் திருமண அறிவிப்புச் செய்து) நடக்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சின்னது, அதைவிடக் கடினம். ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் தாயும் கோயிலுக்குள் வரும்போது அவர்கள் பெஞ்சில் போய் உட்காருங்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றவர், பிரசங்கமும் செய்வார். ஆனால் அரசாங்கச் சான்றிதழில் "இந்து – ஆதிதிராவிடர்". அதை வைத்துத்தான் வேலையும் வாங்கினார். இவரைப் போன்ற இரட்டை வேடக்காரர் கமிட்டியில் இருக்கலாமா? மேலிடத்துக்கு எழுதலாம் என்றிருக்கிறேன்.

எழுதும் முன் சட்டத்தைப் பாருங்கள். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டுமே என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். அவர் குடியிருக்கும் தெரு மாறவில்லை, டீக்கடையில் அவரைப் பார்க்கும் பார்வை மாறவில்லை, மாறியது காகிதம் மட்டும். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10ஐ சபைகள் கறுப்பு தினமாக அனுசரிப்பது இதற்காகத்தான்.

அதற்காக அவர் எழுதிக்கொடுத்தது உண்மையாகிவிடாது. இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வதை ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அவர் மனச்சாட்சி அவரை உறுத்திக்கொண்டே இருக்கலாம். ஆனால் அந்தக் காகிதத்தின் விலையை ஒருநாளும் கொடுக்க வேண்டியிராத ஒருவர், கொடுக்க நேர்ந்தவரைப் பார்த்து "வேடக்காரர்" என்று சொல்வதில் சற்று நிதானம் வேண்டும்.

திருச்சபை இதுபோன்ற ஒரு நெருக்கடியை முன்பே பார்த்திருக்கிறது, அதுவும் சான்றிதழ் விஷயமாகவே. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்கான சான்றிதழ் பெற வேண்டும் என்று உத்தரவிட்டான். அந்தப் பாப்பிரஸ் சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் பலியே இட்டவர்கள் உண்டு, தூபம் மட்டும் போட்டவர்கள் உண்டு, ஒன்றும் செய்யாமல் காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கியவர்களும் உண்டு. உபத்திரவம் ஓய்ந்ததும் இவர்களை என்ன செய்வது என்று பெரிய சண்டை. ரோமில் நோவாசியன் என்பவர், மறுதலித்தவருக்குச் சபையில் மீண்டும் இடமே கிடையாது என்று தனிச் சபை கண்டார். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரின் பேராயர் சிப்ரியன் வேறு வழி பிடித்தார். 251இல் கூடிய ஆலோசனைச் சங்கம் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தது. சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஏற்றுக்கொண்டது, பலியிட்டவர்களுக்கு நீண்ட மனந்திரும்புதலின் காலத்தை வைத்தது. சிப்ரியனே உபத்திரவ நாட்களில் ஒளிந்திருந்தவர், அதற்காக ஏச்சு வாங்கியவர். 258இல் அவர் இரத்தசாட்சியாக இறந்தார்.

நீங்கள் எழுத நினைக்கும் கடிதத்தால் ஒரு குடும்பத்தின் வேலை போகும், ஓய்வூதியம் போகும். சபைக்கு அதனால் வரும் சுத்தம் என்ன? அவர் கமிட்டியில் இருப்பது பற்றிப் பேச வேண்டியவர் ஆயர், அதுவும் அவரோடு தனியாக. எங்கள் கருத்தைக் கேட்டால், 1950 ஆணைக்கு எதிராக ஒரு மனுவில்கூடக் கையெழுத்துப் போடாத சபைக்கு அவரை வெளியேற்றும் யோக்கியதை இல்லை. ஒரு கேள்வி கேட்கிறோம், கோபிக்காதீர்கள். அவர் வீட்டில் நீங்கள் கடைசியாகக் கை நனைத்தது எப்போது?

கேள்வி: அசன விருந்தில் (சபையார் எல்லோருக்குமான பொது விருந்தில்) ஒரு தெருவாருக்கு மட்டும் வழக்கமாகத் தனிப் பந்தி. நான் மறுபக்கத்து ஆள். தட்டிக்கேட்டால் "உனக்குத் தாழ்மை இல்லை" என்கிறார்கள் என் சொந்தக்காரர்கள்.

பந்தியில் நடந்த தவறை வெளிப்படையாகவே கண்டித்த முன்மாதிரி நமக்கு இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாத விசுவாசிகளோடு) சாப்பிடுவதை விட்டு விலகியபோது பவுல் அதை "எல்லாருக்கும் முன்பாக" கேட்டார் (கலாத்தியர் 2). தனியாகப் போய்ப் பேசும் முறை தனிப்பட்ட குற்றத்துக்கு. ஊரறிய ஒரு தெருவை அவமானப்படுத்துவதற்கு அது பொருந்தாது.

தமிழ்த் திருச்சபையில் இது புதிய சண்டையும் அல்ல. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் மக்களைப் பிரித்து வைத்திருந்த தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

இலை போட்ட பிறகு கூச்சல் போட்டால் அன்றைக்குப் பசியோடு இருப்பவர்கள்தான் கஷ்டப்படுவார்கள். அசனத்துக்கு அரிசி, ஆடு கணக்குப் போடும் கூட்டம் சில வாரங்களுக்கு முன்பே நடக்கும். அங்கே பேசுங்கள். கேட்க வேண்டியது மூன்று: வந்த வரிசைப்படி டோக்கன், எல்லாத் தெருக்காரர்களும் கலந்த சமையல் ஆட்களும் பரிமாறுகிறவர்களும், முதல் பந்தியில் ஆயரும் மூப்பர்களும் கலந்து உட்காருவது. பரிமாறுகிறவர்கள் கலக்காமல் பந்தி மட்டும் கலந்தால் முதல் வருடத்தோடு நின்றுவிடும். ஒத்துக்கொள்ளவில்லையா? அன்றைக்குக் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், நீங்கள் வராததை யாரும் கவனிக்கப் போவதில்லை. மனைவி மக்களோடு போய் அந்தத் தனிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மற்றபடி, தாழ்மையைப் பற்றிய பிரசங்கத்தை உங்கள் சொந்தக்காரர்கள் ஒதுக்கிவைக்கப்பட்ட தெருவிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு சிறுமியிடம் தவறாக நடந்ததாக அவள் சொல்கிறாள். மத்தேயு 18இன்படி முதலில் அவரிடம் தனியாகப் பேசச் சொல்கிறார் ஒரு மூப்பர்.

பேசக்கூடாது. அவரை எச்சரித்துவிட்டால் தடயமும் போகும், பிள்ளையை மிரட்டவும் வழியாகும். உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், அல்லது காவல் நிலையத்தில் சொல்லுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் யாராயிருந்தாலும் தகவல் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் 1 ஆண்டு வரை. சிறுமியை ஆயர், மூப்பர், மாதர் சங்கம் என்று ஆளுக்கொரு முறை விசாரிக்காதீர்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு வையுங்கள், அது போதும். வாக்குமூலத்தை அவள் வீட்டிலேயே, சீருடை இல்லாமல், கூடுமானவரை பெண் அதிகாரி வந்து பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். அவள் பெயர் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வரக்கூடாது. விசாரணை முடியும்வரை அந்த ஆசிரியர் பிள்ளைகள் பக்கம் வரக்கூடாது, பாடல் சொல்லித்தரவும் கூடாது.

கேள்வி: நானே குடியை முழுதாக விடவில்லை. என் நண்பன் குடித்துக் கெடுவதைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா?

கண்டிக்கத் தகுதி இல்லை, கூப்பிடத் தகுதி உண்டு. "நீ விடு" என்று சொல்லாமல் "ரெண்டு பேரும் சேர்ந்து டாக்டரைப் பார்ப்போம்டா" என்று சொல்லுங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் மருத்துவ உதவியில்லாமல் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். உபவாச ஜெபத்தில் உட்காரவைத்து ஒரே நாளில் நிறுத்தப் பார்க்கிறவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு.

கேள்வி: சபை நடவடிக்கைக்குப் பிறகு இரண்டு வருடம் வராமலிருந்த ஒருவர் திரும்பி வரப்போகிறார். எப்படி நடந்துகொள்வது?

"எங்கே ஆளையே காணோம்?" என்று கேட்காதீர்கள். காணாமல் போனது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் மாதத்திலேயே சாட்சி சொல்லச் சொல்லி மைக்கைக் கையில் கொடுப்பது இன்னும் மோசம், அது அவரை மறுபடியும் பழைய கதையாக்கிவிடும். ஏதாவது ஒரு வேலை கொடுங்கள்: நாற்காலி அடுக்குவது, கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்வது, நோயாளியைப் பார்க்கப் போகும்போது கூட வருவது. பணமோ பிள்ளைகளோ சம்பந்தப்பட்ட குற்றமாயிருந்தால் அந்தப் பொறுப்புக்கு மட்டும் திரும்ப வேண்டாம், அதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். தெளிவாகச் சொன்னால் அவருக்கும் நிம்மதி. மற்றதில் அவசரமும் வேண்டாம், கஞ்சத்தனமும் வேண்டாம். பம்பிலியாவில் ஊழியப் பயணத்தைப் பாதியில் விட்டுப்போன மாற்குவை மறுபடி கூட்டிச்செல்ல மறுத்து, அதற்காகத் தன் உடன் ஊழியர் பர்னபாவையே பிரிந்தவர் பவுல். பிற்காலத்தில் அவரே தீமோத்தேயுவுக்கு மாற்குவை அழைத்துவரச் சொல்லி எழுதுகிறார், ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று. நடுவில் எத்தனையோ வருடங்கள் போயிருந்தன, பவுல் மறுத்த அன்றைக்கே மாற்குவைக் கைவிடாமல் தன்னோடு கூட்டிப்போனவர் பர்னபா. உங்கள் சபையில் அந்த வேலையை யார் செய்வது என்று அவர் வருகிற ஞாயிற்றுக்கு முன்பே முடிவுசெய்து வையுங்கள்.